காருக்கு நிறம் பார்த்தபோது

1

எங்கள் வீட்டு காரேஜில் இரண்டு குளிர்காலமாக ஒரு பழைய கார் நிற்கிறது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம். கனடாவில் நாங்கள் இருக்கும் விண்ட்சர் நகரத்துக்கு வெளியே, ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்துக்கு அடியில் அது கிடந்தது. கண்டுபிடித்தவள் என் மகள் யாழினி. பதினெட்டு வயது. கல்லூரியில் வண்டி பழுது பார்க்கும் படிப்பு படிக்கிறாள்.

அந்தக் கார் வருவதற்கு முன்னால் எனக்கும் அவளுக்கும் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ‘சாப்பிட்டியா’ என்றால் ‘ம்’. ‘எத்தனை மணிக்கு வருவே’ என்றால் தோளைக் குலுக்குவாள். அவள் அம்மா கவிதாவிடம் ஆங்கிலத்தில் நிறையப் பேசுவாள், நான் அறைக்குள் வந்ததும் குரல் இறங்கிவிடும். கார் வந்தபிறகுதான் மாறியது. துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்தோம். நானே புதுத்தகடு வளைத்து வெல்டு வைத்தேன். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று நான் விரலால் தடவிப் பார்த்துச் சொன்னால், அவள் அளந்து பார்த்து, “அப்பா, கரெக்ட்” என்பாள். பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் தமிழில் இவ்வளவு பேசியது அந்த காரேஜில்தான்.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், உள்ளங்கை அகலத்தில் ஆறு தகடுகளைப் பெயிண்ட் அடித்து, பாலீஷ் போட்டு, மேசைமேல் வரிசையாக வைத்திருந்தாள்.

“அப்பா, இன்னைக்கு முடிவு பண்ணணும். நாளைக்கு பெயிண்ட் ஆர்டர் போடறேன். நீங்க சொல்றதுதான்.”

“உனக்குப் பிடிச்சதைச் சொல்லும்மா.” இரண்டு மாதமாக இப்படிச் சொல்லித்தான் தப்பித்துவந்தேன்.

“இல்ல. நம்ம ரெண்டு பேரும் செஞ்ச கார். நீங்க சொல்லுங்க.”

இந்த மாதிரிப் பழைய பந்தயக் கார்களுக்குக் கரும்பச்சைதான் அழகு என்று எங்கேயோ படித்திருந்தேன். வலது ஓரத்தில் இரண்டு தகடுகள் கருமையாகத் தெரிந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். “இந்தப் பச்சைதான். வேற எதுவும் இதுக்கு ஒத்துவராது” என்று அடித்துச் சொன்னேன்.

யாழினி தகட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கருமையான இரண்டு தகடுகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் இடம் மாற்றி, மறுபடியும் என் முன்னால் வைத்தாள்.

“இப்ப எது?”

நான் ஒன்றைக் காட்டினேன்.

“அப்பா, இது பிரவுன். முன்னாடி நீங்க காட்டினது மெரூன். பச்சை இங்க இருக்கு.” இடதுபக்கம் நான் பார்க்கவே பார்க்காத ஒரு தகட்டைத் தொட்டாள்.

பிறந்ததிலிருந்தே எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. கவிதாவுக்குத் தெரியும்; என் சட்டை எல்லாம் அவள் எடுத்துவைப்பதுதான். மகளிடம் சொன்னதில்லை.

‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்போ அந்த கிரேயான்?”

அவள் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

2

கிரேயான் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு நாலு வயது இருக்கும்போது கவிதா பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். எனக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சாயங்கால ஷிப்ட். மத்தியானம் முழுக்கக் குழந்தை என்னோடு. தமிழ் மறந்துவிடக் கூடாது என்று நானே பாடம் எடுத்தேன். பழம், பூ, நாய், நிலா எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நிறங்களும் சொல்லிக்கொடுத்தேன். கிரேயான் பெட்டியில் பேர் எழுதிய காகிதம் எல்லாம் எப்போதோ கிழிந்துபோயிருந்தது. நான் ஒரு குச்சியை எடுத்து ‘பச்சை’ என்றேன். அவளும் பச்சை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் டீச்சர் பச்சை எடு என்றபோது இவள் பிரவுன் குச்சியை எடுத்துத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ‘எங்கப்பா சொன்னாரு’ என்று இவள் அழுதிருக்கிறாள். கூப்பிடப் போன என்னிடம் டீச்சர் தயக்கத்தோடு கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “அவ எப்பவும் குழப்பிக்குவா டீச்சர், வீட்ல சரியாத்தான் சொல்லிக்குடுக்கறன்” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வர மாட்டேன் என்றாள். அதற்கடுத்த ஞாயிறும். அப்படியே நின்றுபோனது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒட்டவில்லை என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் நான் வருத்தப்பட்டுக்கொள்வேன். அக்காவும் ஆமாம் போடுவாள்.

இந்த நாட்டில் என் குறையை மறைப்பது சுலபமாக இருந்தது. முதல் வேலையில் மேற்பார்வையாளர் பச்சைப் பெட்டியைக் கொண்டுவா என்றார், நான் வேறெதையோ தூக்கிக்கொண்டு போனேன். அவர் எழுத்தெழுத்தாக, சத்தமாகச் சொல்லிக்காட்டினார். எனக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இலையுதிர் காலத்தில் எல்லோரும் மரங்களைப் பார்த்து வாய் பிளக்கும்போது நானும் பிளப்பேன். குடியுரிமை விண்ணப்பத்தில் கண்ணின் நிறம் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கண்ணுக்கு என்ன நிறம் தெரிகிறது என்று கேட்க அதில் கட்டம் இல்லை. பக்கம் பக்கமாக இருந்த அந்தப் படிவத்தைப் பொய்யில்லாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

ஆனால் ஊரிலேயே நான் ஒரு பொய் சொல்லித்தான் கிளம்பினேன். இல்லை, சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் கிளம்பினேன்.

3

எனக்குச் சொந்த ஊர் பாரூர் ஏரிப் பாசனத்தில் ஒரு கிராமம். எங்களுக்கு நெல்லும் கரும்பும் விளையும் நிலம் இருந்தது. மாதேஷின் அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தார். மாதேஷுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னால் நான் காயும் பழமுமாகப் பறித்துக் கூடையில் போடுவேன். என் அப்பா பார்ப்பதற்குள் மாதேஷ் காயைப் பொறுக்கி எடுத்துவிடுவான். என் கண்ணைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டவன் அவன்தான்.

டிப்ளமா முடித்து இரண்டு பேரும் ஓசூருக்குப் போனோம். மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறை. தொழிற்பேட்டையில் பைக்கின் பெட்ரோல் டேங்க்குகளுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மருத்துவச் சோதனையில் புள்ளி புள்ளியாக எண்கள் இருக்கும் புத்தகத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள் என்று தெரிந்ததும் நான் திரும்பிவிடப் பார்த்தேன். மாதேஷ் விடவில்லை. அவன் முதலில் உள்ளே போய்விட்டு வந்து, வரிசைமாறாமல் எண்களை என் காதில் சொன்னான். நான் மனப்பாடமாக ஒப்பித்தேன்.

அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, இரண்டு பேரையும் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டார்கள். பெயிண்ட் காய்ந்து வரும் டேங்க்கை மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒரு டேங்க்குக்கு இரண்டு பேர் முத்திரை. கீறல், குமிழ், மேடு பள்ளம் எல்லாம் நான் விரலாலேயே கண்டுபிடிப்பேன். நிறம் மட்டும் மாதேஷ். எதிரில் நின்று அவன் தொண்டையைச் செருமினால் நான் அந்த டேங்க்கை ஒதுக்கிவிடுவேன். மூன்று வருடம் இப்படி ஓடியது.

ஓசூரில் நாங்கள் வாடா போடா. லீவுக்கு ஊருக்குப் போகும்போது, பஸ் எங்கள் ஊருக்கு முன்னால் வரும் காவேரிப்பட்டணம் தாண்டியதும் அவன் ‘வாங்க, போங்க’ என்று மாறிவிடுவான். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு அது வித்தியாசமாகவும் படவில்லை.

மாதேஷுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம்; அறையை விட்டுப் பக்கத்திலேயே தனி வீடு எடுத்திருந்தான். அவன் மனைவி ரத்னம்மா மாலூர்ப் பக்கம், கன்னடம் பேசுகிறவள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்ல, மாதேஷ் கேட்டில் இருக்கும் பதிவேட்டில் எழுதாமல் கிளம்பிப் போனான். “ரெண்டு மணி நேரத்துல வந்துர்றன், நிறுத்தி வெய்யி” என்றான். டேங்க்குகளை ஏற்ற லாரி வந்து நின்றது. சூப்பர்வைசர் கத்தினார். நான் நிறுத்தி வைக்கவில்லை. என் முத்திரையையும் அவன் முத்திரையையும் நானே குத்தி அனுப்பினேன்.

அன்றைக்குச் சிவப்புக் கலவை தப்பியிருந்தது. எல்லா டேங்க்கும் செம்மண் கலரில் போயிருக்கிறது. மறுநாள் லாரியோடு திரும்பி வந்தன.

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்து, இதை யார் பார்த்தது என்று கேட்டார். எனக்கு அந்த வாரம்தான் கனடா வேலை உறுதியாகியிருந்தது. மாதேஷ் சொன்னான், “நான்தான் சார் பாத்தன். அவன் சாப்புடப் போயிருந்தான்.”

அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்த தாளோடு அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் ஏறி இறங்கினான். யாரும் எடுக்கவில்லை. விசா வந்ததும் நான் விடைபெற ஊருக்குப் போனேன். இரவுச் சாப்பாட்டில் என் அப்பா, “அவனுங்களுக்கெல்லாம் கம்பெனி வேல குடுத்தா இப்பிடித்தான் ஆவும்” என்றார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

அவனாக விரும்பித்தானே பழியை ஏற்றுக்கொண்டான் என்று விமானத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

தகடு விஷயத்துக்குப் பிறகு யாழினி மூன்று வாரம் காரேஜ் பக்கம் வரவில்லை. நான் மட்டும் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாம்பல் நிற அடிப்பூச்சோடு கார் நிற்கும். கவிதா ஒருநாள் கதவோரம் வந்து நின்று, “கண்ணு தெரியாதது அவளுக்குக் கோவமில்லீங்க. டீச்சர் முன்னாடி அவள விட்டுக்குடுத்தீங்கல்ல, அதுதான்” என்றாள்.

விட்டுக்கொடுத்தது என்ற சொல் எனக்கு மாதேஷைத்தான் நினைவூட்டியது. ஊரில் இருக்கும் அக்காவிடம் கேட்டு அவன் நம்பர் வாங்கினேன். ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாத் தோட்டத்தில், வெளிநாட்டுக்குப் போகும் பூக்களை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறான் என்று அக்கா சொன்னாள்.

போனை எடுத்தவன், “யாருங்க?” என்றான்.

“நான் சேகர். பாரூர் சேகர்.”

அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது.

“சொல்லுங்க” என்றான்.

அந்த ‘ங்க’ என்னைத் தடுமாற வைத்தது. மகள், கார், தகடு என்று என்னென்னவோ முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கடைசியில், “அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும் மாதேஷ்” என்றேன்.

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

“நீயாத்தான மேனேஜர்கிட்ட...”

“நான்தான் சொன்னன்.” இப்போது ‘ங்க’ போய்விட்டது. “வாயில வந்துருச்சு, சொல்லிட்டன். அதுக்கப்பறம் நாலு நாளு கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடைல ஒக்காந்திருந்தன். ஷிப்டு முடிஞ்சு நீ வருவ, ‘வாடா, ரெண்டு பேருமா போயி உள்ளதச் சொல்லிரலாம்’னு கூப்புடுவன்னு பாத்தன். நீ பின்பக்கக் கேட்டு வழியா போயிட்ட.”

உண்மைதான். நாலு நாளும் பின்பக்கக் கேட் வழியாகத்தான் போனேன். அவனுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் அசட்டுத்தனம். அவனுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, “உன் கண்ணு மாதிரி எனக்கு யாரு இருக்கா? தகடெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பறன். காருக்கு நீயே ஒரு கலர் சொல்லு” என்றேன்.

“வேணாம் சேகரு. என் கண்ண உனக்குக் குடுத்தது போதும்.” கோபமாகச் சொல்லவில்லை. “உம் பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்குது? அவளையே கேளு.”

“நான் என்ன பண்ணட்டும்?”

“ஊருக்கு வந்தீன்னா வூட்டுக்கு வா. எம் பையன்கிட்ட நடந்ததச் சொல்லு. பாலிடெக்னிக் முடிச்சுட்டு வேல தேடிட்டு இருக்கறான். ‘உன்னையாட்டம் கவனமில்லாம இருக்க மாட்டம்பா’ன்னு எங்கிட்டயே சொல்றான்டா.”

5

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கவிதாவையும் யாழினியையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை குத்தியது, பின்பக்கக் கேட், அப்பா சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தமிழில்தான் சொன்னேன். யாழினிக்குப் புரியாத இடங்களில் கவிதா எடுத்துச் சொன்னாள். சொல்லும்போது கவிதாவின் குரல் மாறிக்கொண்டே வந்தது. அவளுக்கும் இது புதிது.

யாழினி ஒன்றுதான் கேட்டாள். “அந்த அங்கிள் உங்களப் பாக்க வெயிட் பண்ணப்ப, நீங்க அவரப் பாத்தீங்களா?”

“பாத்தன். ஜன்னல் வழியா.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் காரேஜிலிருந்து கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டது. கதவிடுக்குகளில் எல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முகமூடி போட்டுக்கொண்டு அவளே காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட்டை எப்போது ஆர்டர் போட்டாள், எதைத் தேர்ந்தெடுத்தாள், எனக்குத் தெரியாது. பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரமாக, கருமையாக, எனக்குப் பெயர் தெரியாத ஒன்று காரின்மேல் பரவிக்கொண்டிருந்தது. கை நடுங்காமல், ஓரத்தில் வழியவிடாமல் அடித்தாள். எனக்கு அவ்வளவு பக்குவம் வராது.

வெளியே வந்தபோது கேட்டேன், “என்ன கலர்மா?”

“பச்சை” என்றாள். “நிஜப் பச்சை.”

கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் என்னோடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நான் ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

6

பெங்களூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பாரூருக்குப் பிறகு போய்க்கொள்ளலாம் என்று நேராக மூக்கண்டப்பள்ளி. எங்கள் பழைய அறை இருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வரிசை வீடுகளில் கடைசி வீடு. மாதேஷுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கையெல்லாம் முள் கீறல். “வா” என்று உள்ளே கூட்டிப் போனான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அவன் மகன் கார்த்திக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரத்னம்மா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பையனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு நிறம் தெரியாது, உன் அப்பா முத்திரையை நான் குத்தினேன், உன் அப்பா அந்த டேங்க்குகளைப் பார்க்கக்கூட இல்லை, வேலை போனது என்னால்தான் என்றேன். பையன் கடைசிவரை கேட்டான். “சரிங்க சார்” என்றான். எழுந்துபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் இத்தனை தூரம் வந்தது இதற்காகத்தான், முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன்.

டீயோடு வந்த ரத்னம்மா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டிருந்தாள். டம்ளர்களைத் தரையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாதேஷிடம் கன்னடத்தில் கேட்டாள். “நனகெ யாகெ ஹேளலில்ல?” என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று.

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் தமிழுக்கு மாறினாள். எனக்கும் கேட்கட்டும் என்று மாறினாளோ என்னவோ. “கல்யாணமாயி மூணாவது மாசம் வேல போச்சு. இவ காலு வெச்ச நேரம்தான்னு உங்கம்மா சொன்னாங்க. நம்ம வூட்டு விசேசத்துல ஒரு சீர்த்தட்டு எடுக்க வுடல என்னைய. போன வருசம் சாவற வரைக்கும் சொன்னாங்க. நீ பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுட்டு இருந்த.”

“சொன்னா யாரு நம்புவாங்க?” மாதேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அப்பா அவங்க நெலத்துல இருந்தாரு. ஊருல இவன் பேச்சுதான நிக்கும்?”

“ஊரு நம்ப வேணாம்” என்றாள் ரத்னம்மா. “நான் நம்பியிருப்பன்.”

மாதேஷ் நிமிரவில்லை. பையன் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். தெருவில் ஷிப்டு பஸ் ஹாரன் அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. என்னை அவர்கள் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. துடைத்துப் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்தே இருந்தேன்.